"அந்த நாள்": பாட்டில்லை என்ற பெருமைக்குப் பின்னால் இருக்கும் படம்

கேள்வி இது: கிளிநொச்சிப் பக்கத்துச் சனசமூக நிலையம் ஒன்றில் மாதம் ஒரு பழைய படம் போட்டு, முடிந்ததும் இருந்து கதைக்கத் தொடங்குகிறீர்கள். முதல் படம் 1954இல் வந்த "அந்த நாள்". தமிழின் முதல் பாட்டில்லாப் படம், "ரஷோமோன்" என்ற ஜப்பானியப் படத்தின் தமிழ் வடிவம் என்று ஆளுக்காள் சொல்கிறார்கள். உண்மையில் படம் எவ்வளவு நல்லது, எங்கே சறுக்குகிறது, எப்படிக் காட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொலையாளி யாரென்று மறைத்துக்கொண்டு இந்தப் படத்தின் குறைகளைப் பேச முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து வாசியுங்கள்.

நீங்கள் சொன்ன இரண்டு பெருமைகளில் முதலாவது சரி. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம் இதுதான். ஆனால் இந்தியாவிலேயே முதல் படம் என்று சிலர் எழுதுவது தவறு. வாடியா மூவிடோன் நிறுவனம் எடுத்த "நவ்ஜவான்" 1937இலேயே பாட்டில்லாமல் ஹிந்தியில் வந்துவிட்டது. இரண்டாவது பெருமை பாதி உண்மை. அந்தப் பாதியைப் பிரித்துப் பார்த்தாலே படத்தின் பலமும் பலவீனமும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ரஷோமோனில் நடப்பது ஒரே சம்பவம். காட்டுக்குள் ஒரு சாமுராய் செத்துக் கிடக்கிறான். கொள்ளைக்காரன், சாமுராயின் மனைவி, ஆவியாக வந்து பேசும் சாமுராய், விறகுவெட்டி ஆகிய நாலு பேரும் அந்த ஒரே சம்பவத்தை நாலு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் சொல்வதை நம்பினால் மற்றவர் சொல்வதை நம்ப முடியாது. எது நடந்தது என்று இயக்குநர் குரோசவா தீர்ப்புச் சொல்லாமலே படத்தை முடிக்கிறார். "அந்த நாள்" அப்படிப்பட்டதில்லை. வானொலிப் பொறியாளன் ராஜன் சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறான். தம்பி பட்டாபிக்கு அவனோடு சொத்துப் பங்குச் சண்டை, பட்டாபியின் மனைவி ஹேமாவுக்கு அதனால் வந்த ஆத்திரம், அம்புஜத்துக்கு அவனோடு மறைவான உறவு. பொலிசுக்குத் தகவல் சொன்ன பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளைமேலும் நிழல் விழுகிறது. மனைவி உஷா துக்கத்தில் இருக்கிறாள். இவர்கள் சொல்வதெல்லாம் வெவ்வேறு நாட்களில் நடந்த வெவ்வேறு சம்பவங்கள். ஒருவரின் பேச்சு இன்னொருவரின் பேச்சைப் பொய்யாக்குவதில்லை. எல்லாம் சேர்ந்து செத்தவனின் முழு உருவத்தைக் கட்டுகின்றன. கடைசியில் கொலையாளியும் அகப்படுகிறாள். அமைப்பைப் பார்த்தால், கொல்லப்பட்ட ஒரு பெண்ணை ஐந்து பேர் ஐந்து விதமாக நினைவுகூரும் "த வுமன் இன் குவெஸ்சன்" என்ற ஆங்கிலப் படத்துக்குத்தான் (அந்தனி ஆஸ்குவித், 1950) இது கிட்ட நிற்கிறது.

ரஷோமோனின் தூண்டுதல் இல்லையென்று இதற்கு அர்த்தமில்லை. திரைப்பட விழாவில் அதைப் பார்த்த, "அந்த நாள்" இயக்குநர் எஸ். பாலசந்தர் அந்தப் பாணியில் ஒரு நாடகம் எழுதி அகில இந்திய வானொலிக்குக் கொடுத்தார். அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். பிறகு அதே கதை தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பனிடம் போய்ப் படமானது. தன் வானொலிக் கண்டுபிடிப்பை அரசு மதிக்கவில்லை என்று கசந்துபோன ஒருவனின் கதை, வானொலி நிராகரித்த நாடகத்திலிருந்து வந்தது என்பது தற்செயல்தான், ஆனாலும் நல்ல தற்செயல். பாலசந்தர் பின்னாளில் உலகறிந்த வீணைக் கலைஞர். பாட்டில்லாப் படம் எடுத்தவர் ஒரு சங்கீத வித்துவான் என்பதை உங்கள் கூட்டத்தில் சொன்னால் கொஞ்சப் பேராவது நிமிர்ந்து இருப்பார்கள்.

ஆகவே படத்தை ரஷோமோனோடு நிறுத்தி அளந்தால் தோற்றுவிடும். துப்பறியும் படமாக அளந்தால் இன்றும் நன்றாகவே நிற்கும். அப்படி அளந்து பார்க்கிறேன்.

முதல் பலம் தொடக்கம். துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி கணேசன் சரிகிறார், கதை அங்கேதான் தொடங்குகிறது. "பராசக்தி" வந்து இரண்டு வருடமும் ஆகவில்லை. அந்தக் குரலைக் கேட்க ரிக்கற் எடுத்து வந்த சனத்துக்கு முதற் காட்சியிலேயே நாயகனைக் கொன்று காட்டுவது சின்னத் துணிச்சல் இல்லை. செத்தவன் நல்லவனும் இல்லை என்பது போகப் போகத் தெரிகிறது. தயாரிப்பில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லலாம். முதலில் வேறு நடிகரை வைத்துக் கணிசமாக எடுத்துவிட்டார்கள். மெய்யப்பனுக்குத் திருப்தி வரவில்லை. எடுத்ததை ஒதுக்கிவிட்டுச் சிவாஜியைப் போட்டுத் திரும்ப எடுத்தார்கள். அந்தச் செலவு வீண்போகவில்லை. ராஜன் என்ற பாத்திரம் தம்பிக்கு முன்னால் ஒரு மாதிரி, அம்புஜத்தோடு ஒரு மாதிரி, உஷாவின் நினைவில் வேறு மாதிரி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நம்பவும் வேண்டும். நீண்ட வசனத்தில் பேர் எடுத்த நடிகர் இங்கே குரலை அடக்கி, தோளாலும் பார்வையாலும் ஆளை மாற்றுகிறார். சிவாஜி என்றால் மிகை நடிப்பு என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற இளம் ஆட்களுக்கு இந்தப் படத்தைத்தான் காட்ட வேண்டும்.

பாட்டில்லாதது எதற்கு உதவியது என்பதைப் பெருமைக்காகச் சொல்வதைவிடக் கணக்காகப் பார்ப்பது நல்லது. அக்காலப் படங்களில் பத்துப் பாட்டு என்பது சாதாரணம். ஒன்று மூன்றரை நிமிடமென்றாலும் 35 நிமிடம் போய்விடும். அதைவிடப் பெரிய இழப்பு, சந்தேகம் ஒவ்வொரு பாட்டிலும் ஆறிப்போவது. துப்பறியும் கதையில் பார்ப்பவன் ஒருவரைச் சந்தேகிக்கத் தொடங்கி, அந்தச் சூடு தணியுமுன் அடுத்தவரிடம் போக வேண்டும். இந்தப் படம் 2 மணி 10 நிமிடமளவில் அந்தச் சூட்டைப் பெரும்பாலும் காப்பாற்றுகிறது. ஆனால் தியேட்டரில் இந்தத் துணிச்சல் ஓடவில்லை. முதல் வெளியீட்டில் வசூல் கைகொடுக்கவில்லை. தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. பாட்டை எடுத்த இடத்தில் பின்னணி இசைமேல் பாரம் கூடிவிட்டதையும் கவனியுங்கள். சில இடங்களில் சந்தேகம் வர வேண்டிய முகத்தை நாம் பார்த்து முடிக்குமுன்னே வாத்தியங்கள் "இவனைச் சந்தேகி" என்று சொல்லிவிடுகின்றன. அமைதியாக விட்டிருந்தால் இன்னும் குத்தியிருக்கும்.

இனி ஒளி. எனக்குப் படத்தில் மிகப் பெரிய பலம் இதுதான், மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். கறுப்பு வெள்ளையில் நிறம் உதவிக்கு வராது. ஒரு முகத்தைப் பின்சுவரிலிருந்து பிரித்துக் காட்ட வெளிச்ச வித்தியாசம் ஒன்றே வழி. அந்தக் காலத் தமிழ்ப் படங்கள் பலவற்றில் மேடை நாடகத்துக்குப் போடுகிற மாதிரி எல்லா மூலைக்கும் ஒரே அளவாக விளக்குப் போட்டிருப்பார்கள். ஆட்கள் தெளிவாகத் தெரிவார்கள், ஆனால் இரவு இரவாக இருக்காது. ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் ஒரு பக்கத்திலிருந்து முதன்மை விளக்கை அடித்து, மறுபக்கத்தை நிரப்புகிற விளக்கைக் குறைக்கிறார். பொதுவாக, நிரப்பு விளக்கைப்போல் இரண்டு மடங்கு முதன்மை விளக்கு இருந்தால் முகம் மென்மையாகத் தெரியும். எட்டு மடங்குக்குப் போனால் பாதி முகம் இருட்டுக்குள் போய்விடும். குற்றப் படத்துக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை. கதைக்கும் அது பொருந்துகிறது: வாக்குமூலம் தருகிற ஒவ்வொருவரும் பாதியைச் சொல்லிப் பாதியை ஒளிக்கிறார்கள். கீழேயிருந்து மேல் நோக்கிப் பார்க்கிற கமராக் கோணங்களும் சுவரில் ஆளைவிடப் பெரிதாக விழுகிற நிழல்களும் அடிக்கடி வரும். அவற்றில் சில அலங்காரத்துக்கு வைத்தவை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கதையில் ஒன்றும் நடக்காத இடத்திலும் கமரா கீழே குந்தியிருந்து பார்த்தால், உண்மையான ஆபத்து வரும்போது பார்ப்பவனுக்கு வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

ஜாவர் சீதாராமன் திரைக்கதையும் எழுதி, சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தமாக நடித்தும் இருக்கிறார். நடிப்பு அருமை. அலட்டல் இல்லாத பேச்சு, மற்றவர் பேசும்போது கேட்டுக்கொண்டு நிற்கிற முகம். எழுத்தாளராகத்தான் அவர் சில இடத்தில் தன்னையே நம்பவில்லை. நாம் ஏற்கெனவே கண்டுவிட்ட தடயத்தை இன்ஸ்பெக்டருக்கு விளக்குகிற சாட்டில் நமக்கும் ஒருமுறை விளக்குகிறார். அவசரமாக ஒருவரைக் குற்றவாளியாக்குகிற இன்ஸ்பெக்டர், ஆறுதலாக அதைத் தள்ளுகிற சி.ஐ.டி. என்ற சோடி முதல் இரண்டு தடவை சுவை. அதற்குப் பிறகு இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தாலே அவர் சொல்வது பிழை என்று தெரிந்துவிடுகிறது. துப்பறியும் கதையில் இது பெரிய ஓட்டை. அவர் ஒருமுறையாவது சரியாகச் சொல்லியிருந்தால் நாம் அவரையும் காதுகொடுத்துக் கேட்டிருப்போம்.

பெண் பாத்திரங்கள் சமமாக எழுதப்படவில்லை. ஹேமா ஆத்திரக்காரி, அம்புஜம் ஆசைநாயகி, இரண்டுமே ஒரு குணத்துக்கு ஒரு ஆள் என்ற கணக்கு. பண்டரிபாயின் உஷா மட்டும் முழு மனுஷி. படிக்கிற காலத்தில் ராஜனை விரும்பியவள், நாட்டுப்பற்றுள்ளவள், அவன் எதிரிக்குத் தகவல் கொடுப்பவன் என்று கண்டுபிடித்தவள். கொலையாளியும் அவள்தான். வாக்குமூலங்களெல்லாம் காசு, காணி, கள்ள உறவு என்று வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க, விடை வெளியில் நடக்கிற யுத்தத்துக்குள் இருந்து வருகிறது. திருப்பமாக இது கெட்டித்தனம். கொலை நடந்தது சென்னைமேல் ஜப்பான்காரன் குண்டு போட்ட நேரம் என்று தொடக்கத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. நாம்தான் அதை வெறும் பின்னணி என்று எடுத்துக்கொள்கிறோம்.

முடிவில் படம் தடுமாறுவது வேறு காரணத்தால். கொலையும் செய்வாள் பத்தினி என்ற பழமொழி படத்துக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அந்தப் பத்தினியைக் கொலைகாரியாக விட்டுவிடப் படத்துக்கு மனம் வரவில்லை. தேசத்துக்கும் தாலிக்கும் நடுவில் தவிக்கிறவளாக அவளை நிறுத்தி, நீண்ட வசனத்தால் அவளுக்கு முன்கூட்டியே மன்னிப்பு எழுதிவிடுகிறது. அதுவரைக்கும் நாங்கள் எடைபோட்டுப் பார்க்கட்டும் என்று விட்ட படம், கடைசியில் தராசைத் தானே வாங்கிவிடுகிறது. ரஷோமோனிலிருந்து பாலசந்தர் எடுக்காமல் விட்டது இந்தச் சந்தேகத்தைத்தான்.

வன்னியில் இருந்து பார்க்கிறவர்கள் இதற்கு மேலும் இரண்டு இடத்தில் நிற்பார்கள். ஒன்று குண்டுவீச்சு. படத்தில் கொலை நடப்பது 1943 அக்டோபர் 11. அதற்கு ஒன்றரை வருடத்துக்கு முன்னர், 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டிருந்தன. எங்கள் பக்கத்துப் பழசுகளின் வாயில் "யப்பான்காரன் குண்டு" என்று வந்தது அதுதான். ஆனால் படத்தில் அந்தப் பயம் கதைக்குச் சாட்டாகத்தான் இருக்கிறது. மேலே சத்தம் கேட்டால் பங்கருக்குள் இறங்கிய சனத்துக்கு, ஒரு நகரமே கலைகிற இரவில் எல்லோரும் இவ்வளவு ஒழுங்காகச் சொத்துக் கணக்குப் பேசுவார்களா என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஸ்டூடியோவுக்குள் எடுத்த படத்தின் எல்லை இங்கே தெரிகிறது.

மற்றது காட்டிக்கொடுத்தவன் என்ற குற்றச்சாட்டு. படம் 1954இல், சுதந்திர இந்தியாவில் நின்றுகொண்டு 1943ஐப் பார்க்கிறது. ராஜன் யாருக்கு எதிராகத் தகவல் கொடுத்தான்? நாட்டுக்கு எதிராக என்கிறது படம். அன்று நாட்டை ஆண்டது பிரிட்டிஷ் அரசு. கதையில் கொலை நடந்து பத்து நாளில், 1943 அக்டோபர் 21ஆம் திகதி, ஜப்பானின் ஆதரவோடு சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் தற்காலிக சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். அவருடைய இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். ஆக, அன்றைய சென்னையில் ஜப்பான் பக்கம் சாய்ந்த எல்லோரையும் ஒரே சாக்கில் கட்ட முடியாது. ராஜன் கொள்கைக்காகப் போனவன் இல்லை, புறக்கணிப்பின் கசப்பிலும் சொந்த நலத்திலும் போனவன். அது உண்மை. ஆனால் உஷா வேறு மாதிரியான ஒரு ஜப்பான் ஆதரவாளனுக்கு முன்னால் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்ற கேள்விக்குப் படம் இடம் வைக்கவில்லை. உங்கள் கூட்டத்தில் கதை சூடாவது இந்த இடத்தில்தான். நடத்துபவர் பேச்சை முதலில் ராஜன்மேலும் உஷாமேலும் நிறுத்தி வைத்தால் நல்லது. பார்ப்பவர்களில் எந்தப் பக்கத்திலிருந்தும் இழந்தவர்கள் இருப்பார்கள். படத்தைப் பற்றிப் பேசி முடிக்காமல் ஊர்க் கணக்குக்குள் போனால் இரண்டையுமே பேச முடியாமல் போய்விடும்.

காட்டுகிற விதம். இந்தப் படத்தைக் கெடுப்பதற்கு மிகச் சுலபமான வழி, அகலத் திரைக்கு இழுத்துப் போடுவது. படம் எடுக்கப்பட்டது கிட்டத்தட்ட சதுரமான 1.37க்கு 1 என்ற அளவில். புரொஜெக்டரும் லப்ரொப்பும் 16க்கு 9இல் நிற்கும். "ஸ்ட்ரெச்" அல்லது "ஃபுல்" என்ற தெரிவு போட்டிருந்தால் முகங்கள் 30 சதவீதம் அகலித்துவிடும், ஒல்லியான சிவாஜியும் பூசினாற்போல் தெரிவார். "சூம்" போட்டால் தலையும் காலும் வெட்டுப்படும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டி விழுவதுதான் சரி. திரை 6 அடி உயரமென்றால் படம் 8 அடி 3 அங்குல அகலத்துக்கு வர வேண்டும், அளவு நாடாவைப் பிடித்துப் பார்க்கலாம்.

பிரதியைப் போடுமுன் ஓடும் நேரத்தைப் பாருங்கள். 2 மணிக்குக் குறைவாக இருந்தால் ஏதோ வெட்டுப்பட்டிருக்கிறது. துப்பறியும் கதையில் ஐந்து நிமிடம் காணாமல் போனாலும் ஒரு தடயம் போய்விடும். யூரியூப்பில் நேரடியாக ஓடவிட்டால் இணையம் தளரும்போது தரம் தானாகக் கீழே இறங்கும். இருண்ட பகுதிகள் முதலில் கட்டம் கட்டமாக உடைவதும் அப்போதுதான். இந்தப் படத்தில் பாதி இருண்ட பகுதிதான்.

புரொஜெக்டரில் "டைனமிக்" அல்லது "விவிட்" என்று இருந்தால் "சினிமா"வுக்கு மாற்றுங்கள். பிறகு இருண்ட காட்சி ஒன்றில் நிறுத்தி, கறுப்பு உடையின் ஓரம் பின்னால் உள்ள இருட்டிலிருந்து மட்டுமட்டாகப் பிரியும்வரை பிரைட்னஸைக் கூட்டுங்கள். அடுத்து வெள்ளை வேட்டி வருகிற காட்சியில் நிறுத்தி, மடிப்புகள் தெரியும்வரை கொன்ட்ராஸ்ட்டைக் குறையுங்கள். இந்த ஒழுங்கில்தான் செய்ய வேண்டும். திருப்பிச் செய்தால் இரண்டையும் மாறி மாறிச் சரிபார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அரைச்சுவர் மண்டபமென்றால் பகல் காட்சி வேண்டாம். இரவு 7 மணிக்குத் தொடங்குங்கள். ஒற்றைப் பெட்சீற் கட்டினால் வெளிச்சத்தில் ஒரு பங்கு பின்பக்கம் ஊடுருவிப் போய்விடும், படம் சாம்பல் பூத்துத் தெரியும். இரண்டாக மடித்துக் கட்டுங்கள், அல்லது சுண்ணாம்பு அடித்த சமமான சுவரில் போடுங்கள், அது இன்னும் நல்லது. ஒலி ஒற்றைத் தடத்தில் பதிவானது. ஸ்பீக்கரை மண்டபத்தின் நாலு மூலைக்கும் பரப்பினால் தகரக் கூரையில் எதிரொலித்து வசனம் குழம்பும். திரைக்குப் பக்கத்தில், இருப்பவர்களின் காது உயரத்தில் வையுங்கள். ட்ரெபிளைக் குறைத்தால் பழைய பிரதியின் இரைச்சல் கொஞ்சம் அடங்கும். மாரி மழைக்குள் தகரக் கூரையின் கீழ் இந்தப் படத்தைப் போடவே வேண்டாம். எல்லாம் வசனத்தில் இருக்கிற படம், ஒன்றும் விளங்காது.

கடைசி வாக்குமூலம் தொடங்குமுன் பத்து நிமிடம் நிறுத்துங்கள். தேத்தண்ணியோடு ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, யார் கொலையாளி, ஏன் என்று எழுதி வாங்கி வையுங்கள். பேர் வேண்டாம். முடிந்த பிறகு "ஏன்" என்ற பகுதியை மட்டும் வாசித்துக் காட்டினால், எந்தத் தடயம் வேலை செய்தது, எது யாருடைய கண்ணிலும் படவில்லை என்று திரைக்கதையின் ஓட்டைகளைப் பார்வையாளர்களே சொல்லிவிடுவார்கள்.

அடுத்த மாதம் ரஷோமோனையே போடலாம். 88 நிமிடந்தான். ஆனால் வசனம் வாசித்துப் பார்க்க வேண்டிய படம். எழுத்து பின்வரிசைக்குத் தெரியாவிட்டால் பாதிப் பேர் இடையில் எழும்பிவிடுவார்கள். ஆகவே கதிரைகளைத் திரையிலிருந்து 25 அடிக்குள் போட்டு, எழுத்தளவை முன்கூட்டியே பெரிதாக்கி, கடைசி வரிசையில் இருந்து ஒருவர் வாசித்துப் பார்த்த பிறகு தொடங்குங்கள்.